லாரிக் கண்ணாடியும் மீட்டர் கேபிளும்

போன ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக்குகளான உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பழைய இங்கிலீஷ் கார் ஒன்று பட்டறைக்கு வந்திருக்கிறதாம், ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறதாம், புதுக் கேபிளை எந்த நீளத்துக்கு வெட்டுவது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் கேட்டார்.

"அந்தக் காடில யாரோ ஒரு லாரிக் கண்ணாடிய மாட்டி வெச்சிருக்காங்க, அங்கிள். சின்னக் காடிக்கு யானைக் காது மாதிரி நிக்குது. கழட்டிப் போட்றவா?"

நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நான் சொல்லும்வரை கேபிளையும் தொடவேண்டாம், கண்ணாடியையும் தொடவேண்டாம் என்றேன். காரை யார் கொண்டுவந்தது என்று விசாரித்தேன். யாரோ ஒரு டிரைவர், காஜா பெராங் பக்கம், பெயர் கேட்கவில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. முதுகுவலிக்காகச் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவனுக்கு வலி கழுத்தைத் தாண்டி மேலே ஏறிவிட்டதோ என்ற பார்வை. அவருடைய சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகவும், உங்கள் எல்லாருக்கும் தொழிலில் உதவக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகவும் இதை எழுதுகிறேன். முதல் காரணத்தில் வெற்றி பெறுவேனா என்று சொல்லமுடியாது.

அந்த யானைக் காதை மாட்டியவன் நான்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம். எனக்கு மீசை முழுதாக வந்திருந்தது, தொழில் பாதிதான் வந்திருந்தது. காஜா பெராங் சாலையில் ஒரு தமிழ் முதலாளியின் பட்டறையில் மீட்டர் வேலைகளை என்னிடம் கொடுத்திருந்தார்கள். விரல்கள் மெலிந்தவை என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இருந்ததாக நினைவில்லை. ஆரம்பத்தில் கேபிளுக்குக் கிரீஸ் போடச் சொன்னார்கள் என்று தாராளமாகப் போட்டேன். அது மெல்ல மேலேறி மீட்டருக்குள்ளே புகுந்து முள்ளைப் பிடித்துக்கொண்டது. ஒரு டாக்டரின் கார் அவர் வீட்டு வாசலில் நின்றபடியே நாற்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் நல்ல மனிதர். நோயாளிகளுக்கு இப்படி ஆனால்தான் கவலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேபிளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் இது தொழில் தெரியாதவர்கள் கையிலும் அகப்படலாம் என்பதால் இரண்டு வரி. கியர்பாக்ஸிலிருந்து மீட்டர்வரை ஓர் உறை, உறைக்குள்ளே மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த ஒரு கம்பி. சக்கரம் சுற்றினால் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் முள் ஏறும், மைல் எண்கள் உருளும். கம்பி அறுந்துபோனாலும் கார் நன்றாகவே ஓடும். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் பட்டறைக்கு வருவதில்லை.

டீச்சர் வந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கம்போங் செட்டியில் அம்மன் கோயிலை ஒட்டிய வீடு. நம்மில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கிருப்பவர்கள் நமக்கெல்லாம் பல தலைமுறை முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு அவர்களுக்கே உரிய மலாய். டீச்சர் சாரோங் கெபாயா என்கிற மலாய்க் கைலியும் சட்டையுமாக, முன்தலையில் ஒரு முடி கலையாமல், முப்பதுகளில் செய்த அந்தச் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். அந்த நாளில் பெண் ஒருவர் கார் ஓட்டி வந்ததற்கே எங்கள் பட்டறையில் மூன்று ஸ்பேனர் கீழே விழுந்தன. அதில் ஒன்று என் கால்மேல்.

மீட்டர் முள் செத்துவிட்டது என்று சொல்லி, என்னைப் பார்த்து, "தம்பி, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மலாயில் கேட்டார். தம்பி என்ற சொல்லைக் கேட்டு எனக்கு ஒரு நிமிஷம் உள்ளம் குளிர்ந்தது. பிறகுதான் நினைவுக்கு வந்தது, மலாய் பேசுகிறவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு ஆபீஸில் காகிதம் தூக்கும் ஆள் என்று அர்த்தம். வாசகசாலையிலிருந்து வாரம் இரண்டு நாவல் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவன் நான். எந்த நாவலிலும் கதாநாயகனை அப்படி யாரும் கூப்பிட்டதாகப் படித்ததில்லை. கதாநாயகர்கள் நகக்கண்ணில் கிரீஸும் இருந்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. டீச்சரும் அவர் அப்பாவும் பேசியது அவர்களுடைய மலாய். நான் எழுதுவது நம் தமிழ். வழியில் உடைந்த சாமானுக்கு நான்தான் பொறுப்பு.

கேபிளை மாற்றினேன். தஞ்சோங் கிளிங் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். முள் தண்ணீரில் நிற்கிற கொக்கு மாதிரி ஆடாமல் நின்றது. கொடுத்து அனுப்பினேன். சில வாரங்களில் கார் திரும்பி வந்தது. கம்பி அறுந்திருந்தது. இந்தத் தடவை உறையையும் சேர்த்து மாற்றினேன், வளைவுகளைத் தளர்த்தினேன், மறுபடியும் தஞ்சோங் கிளிங், மறுபடியும் கொக்கு. மறுபடியும் கார் வந்தது. கியர்பாக்ஸில் கம்பியைச் சுழற்றும் சின்னச் சக்கரத்தைக் கழற்றிப் பல் பல்லாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

முதலாளி தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குறைவு, குத்தல் அதிகம் அவருக்கு.

"டேய், ஒன் டீச்சர் காடி வந்துருச்சி பாரு. வேலைய ஒழுங்காத்தான் செய்யிறியா, இல்ல அவங்க திரும்பி வரணும்னு உள்ளுக்குள்ள ஏதாச்சும் பண்ணி வைக்கிறியா?"

நான் கோபப்பட்டேன். அப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றுவதற்கு முன்னால் அவருக்குத் தோன்றிவிட்டதே என்ற கோபமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. ஆனால் அந்தக் கார் சாலைத் திருப்பத்தில் வரும் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும் என்பதை மறைக்கமாட்டேன். நான்கு சிலிண்டரில் ஒன்று லேசாக இருமும். அந்த இருமலுக்காகக் காத்திருந்தேன். அதைச் சரிசெய்கிறேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோது டீச்சர் வழக்கம்போலச் சாவியைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

அவர் அப்பாவை எல்லாரும் பிள்ளை என்று கூப்பிடுவார்கள், கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்து கார் ஓட்டுவதை விட்டவர். மகளுக்கு ஆயர் குரோவைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் ஆயர் குரோ அல்ல, அன்று அது ரப்பர் மரமும் காடும். பஸ் வந்தால் வரும். அதனால் மகள் கார் ஓட்டிப் போகலாம் என்று பிள்ளை அனுமதித்திருந்தார், ஆனால் இரண்டு நிபந்தனை. முள் முப்பதைத் தாண்டக்கூடாது. சாயங்காலம் அவர் பூதக்கண்ணாடி வைத்து மைல் எண்ணைப் பார்ப்பார், அது பள்ளிக்கூடம் போய்வந்த தூரத்துக்கு மேல் ஏறியிருக்கக்கூடாது. மீட்டர் ஓடாத அன்று காரும் ஓடாது. மகள் பஸ்ஸில் போய், பாதிப் பாடம் முடிந்தபின் பள்ளிக்கூடம் சேர்வார். தலைமையாசிரியர் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ அறுந்தா, மூவார்ல ஒருத்தர் காடிய வாங்க ரெடியா இருக்கார்" என்றார் டீச்சர். "காடி போனா பள்ளிக்கூடமும் போச்சு. அப்புறம் வீட்டுல உக்காந்து, யாராவது பொண்ணு பார்க்க வர்றாங்களான்னு கதவப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான், தம்பி."

ஊரெல்லாம் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று சுதந்திரப் பேச்சு. பண்டார் ஹிலிரில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். எங்கள் பட்டறையில் ஒருவர், சுதந்திரம் வந்துவிட்டால் வேகக் கட்டுப்பாடு இருக்காது என்று நம்பினார். அந்தச் சமயத்தில் ஒரு மனுஷியின் சுதந்திரம் முழுவதும் பென்சில் முனை பருமன்கூட இல்லாத ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியை மாட்டியவன் நான், ஏன் அறுகிறது என்று தெரியாதவனும் நான்.

நான் புதுக் கம்பியை மாட்டி டீச்சரை அனுப்பி, சில வாரம் பயந்துகொண்டே இருந்துவிட்டு முதலாளியிடம் போய், எனக்குத் தெரியவில்லை என்றேன். இதைச் சொல்வது அந்த வயதில் எளிதல்ல. அவர் சிரிக்கவில்லை.

"காடி இங்க ஒழுங்கா ஓடுது, அங்க போனா அறுந்துருது. அப்ப ஏண்டா இங்கயே பார்த்துக்கிட்டு இருக்க? காலைல அவங்க வீட்டுக்குப் போ. காடி எப்படிக் கெளம்புதுன்னு பாரு."

இதுதான் நான் உங்களுக்குத் தர நினைத்த பாடம். இதோடு நிறுத்திக்கொண்டு நீங்கள் வேலைக்குப் போகலாம். மிச்சம் எனக்காக எழுதுவது.

மறுநாள் காலை மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்பில் இருமுறை கைகழுவி, பையில் கேபிள் சுருளும் சாமானும் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். சாலையிலிருந்து நீண்ட, ஒடுங்கிய சந்து. சந்தின் கடைசியில் கோயில், கோயிலுக்கு முன்னால் மணல் பரப்பு, அதன் ஓரத்தில் வீடு. கார் வீட்டு வாசலில் கோயிலைப் பார்த்து நின்றது. உள்ளே முன்கூடத்துச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. பிள்ளை அதன் முன்னால் நின்று தலப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் அவருக்குப் பின்னால் பையும் புத்தகமுமாக நின்றிருந்தார். பிள்ளை திரும்பாமலேயே கண்ணாடியில் மகளைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். நேற்று முள் முப்பத்திரண்டுக்குப் போனதாக மகள் ஒப்புக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

என்னைக் கண்டதும் பிள்ளை உத்தரவு போட்டார். நான் மகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மீட்டரை மட்டும் பார்க்கவேண்டும். மீட்டரை மட்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

உட்கார்ந்தேன். டீச்சர் வண்டியைக் கிளப்பினார். மணல் பரப்பில் அரைவட்டம் அடித்துத் திரும்பிச் சந்துக்குள் போவார் என்று எதிர்பார்த்தேன். மாட்டுவண்டி, பால்காரர் சைக்கிள், எல்லாம் அங்கேதான் திரும்பும், தடம் தெரிந்தது. அவர் கியரைப் பின்னால் தள்ளினார். கார் கோஸ்தான் போட்டுக்கொண்டு, கோயிலைப் பார்த்தபடியே, சந்து முழுக்கப் பின்னாலேயே ஓட ஆரம்பித்தது. மெல்ல அல்ல. நேரம் ஆகியிருந்தது. பிள்ளை கோயில் வாசலில் நின்றுகொண்டு, பெலான்-பெலான், மெதுவாக மெதுவாக என்று கையசைத்தார்.

ஏன் திரும்பிப் போகக்கூடாது என்று கேட்டேன். அம்மனுக்கு முதுகு காட்டக்கூடாது, அதனால்தான் என்றார் டீச்சர். சன்னிதியிலிருந்து வெளியே வரும்போது நாலு அடி பின்னால் நடந்து வருவோம் இல்லையா, பிள்ளை அதைக் காருக்கும் விதித்திருந்தார். அவர் ஓட்டிய காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் காரை எடுப்பார், அதுவும் நத்தை மாதிரி. மகள் தினமும், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள்.

இதில் ஒரு விசேஷம், பின்னால் ஓட்டும்போது பின்னால் பார்த்து ஓட்டவேண்டியவர் பெரும்பாலும் முன்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சந்தின் கோழிகள் பழகியிருந்தன.

"அப்பா அம்மனுக்காகச் சொல்றார்" என்றார். "எனக்கு வேற காரணம். முன்னால போனா, வீடு எப்ப மறைஞ்சுதுன்னே தெரியாது. இப்படிப் போனா கடைசி வரைக்கும் தெரியும்."

மீட்டரை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். முள் பூஜ்யத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மைல் எண்கள் பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தன. கடைசி எண் ஏழிலிருந்து ஆறுக்கு வந்தது. அந்தக் கார் ஒவ்வொரு நாள் காலையும் கொஞ்சம் வயது குறைந்துகொண்டிருந்தது. எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது, ஆனால் அது என் தொழில் சம்பந்தப்பட்டதா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

சாலைக்கு வந்து முன்கியர் போட்டதும் முள் எழுந்தது, நடுங்கியது, உள்ளே மெல்லிசாக டிக் என்றது. முள் விழுந்தது.

டீச்சர் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகளை எடுக்கவில்லை. "அறுந்துருச்சா?" என்று கேட்டார். நான் கீழே இறங்கி, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, கம்பியை உருவினேன். அறுந்த நுனியைப் பார்த்தேன். தேய்ந்து அறுந்தால் நுனி வெட்டிய மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. இழைகள் பிரிந்து, முறுக்கு அவிழ்ந்து, தலைவிரிகோலமாக இருந்தது. முன்பு வந்த மூன்றும் இப்படித்தான் இருந்தன, நான் அதைக் கம்பியின் தரக்குறைவு என்று நினைத்து எறிந்திருந்தேன்.

கம்பியை ஒரு பக்கமாக முறுக்கிச் செய்திருக்கிறார்கள். கார் முன்னால் போனால் முறுக்கு இறுகும். பின்னால் போனால் அவிழும். இரண்டு முழம் பின்னால் போனால் ஒன்றும் இல்லை. ஒரு சந்து முழுக்க, வேகமாக, தினமும் என்றால் அது உறைக்குள் உப்பி, சிக்கி, ஒருநாள் அறுந்துவிடும். நான் தஞ்சோங் கிளிங்குக்கு முன்பக்கமாகவே ஓட்டிப் போய்ச் சோதித்தவன். மெக்கானிக் யாரும் காரைப் பின்னால் ஓட்டிச் சோதித்ததை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

என் பையில் புதுச் சுருள் இருந்தது. அங்கேயே வெட்டி மாட்டிவிடலாம், பிள்ளைக்குத் தெரியாது, டீச்சர் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போவார். சில வாரங்களில் அந்த இருமல் மறுபடியும் சாலைத் திருப்பத்தில் கேட்கும். காரணத்தைச் சொல்லிவிட்டால் கேட்காது. கையில் பிரிந்த கம்பியை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நாவல்களில் இந்த மாதிரி இடத்தில் மழை பெய்யும். சாலையில் ஒரு மீன்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். டீச்சர் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காரணத்தைச் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவர் பள்ளிக்கூடம் இருக்கும் திசையைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். "இன்னிக்கி லேட்டானா ஆகட்டும். வா, அப்பாகிட்ட சொல்லு" என்று காரைச் சந்துக்குள் திருப்பினார்.

பிள்ளை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கம்பியை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கோர்ட்டில் இருந்தவர், சாட்சியை மதித்தார். ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை.

"ஒரு கம்பிக்காக அம்மனுக்கு முதுகு காட்டச் சொல்றியா, தம்பி? இந்தக் காடி வந்த நாள்லேர்ந்து அவ அது முகத்தத்தான் பார்த்திருக்கா. மூவார்க்காரன் வாங்கிட்டுப் போகட்டும். அவன் வீட்டுப் பக்கம் என்ன சாமியோ, அது அவன் பாடு."

மெதுவாகப் பின்னால் போகலாம் என்று ஆரம்பித்தேன், மெதுவாகப் போனால் பள்ளிக்கூடம் முடிந்துதான் சேரமுடியும் என்று பிள்ளையே சொல்லிவிட்டார். மகள் முன்னால் வந்தார்.

"அப்பா, தலப்பா கட்டும்போது நான் பின்னாலதான் நிக்கிறேன். நீங்க திரும்பறதே இல்ல. கண்ணாடியப் பார்த்துத்தான் தினமும் திட்டுறீங்க. அது மூஞ்சிக்கு நேரா திட்டுறதுதானே? இல்லன்னா இத்தன நாள் திட்டுனது கணக்குல வராது."

பிள்ளை கம்பியை என் கையில் கொடுத்தார். உள்ளே போனார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். மகளைப் பின்னால் வந்து நிற்கச் சொன்னார், பார்த்தார். பிறகு மகளை விலகச் சொல்லிவிட்டு என்னை நிற்கச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். புரை விழுந்த கண்கள் இரண்டும் கண்ணாடிக்குள்ளிருந்து என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் கண்ணாடியின் ஒரு குணம் எனக்குத் தெரிந்தது. அதில் ஒருவர் கண் உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் கண் அவருக்குத் தெரிகிறது. ஒளிந்து பார்க்க வழியில்லை. பிள்ளை அவசரப்படவில்லை. அந்தப் பார்வையில் என் வழக்கு முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டு, விசாரிக்கப்பட்டு, செலவுத் தொகை இல்லாமல் தள்ளுபடி ஆனது.

வெளியே வந்தார். காரில் கண்ணாடி மாட்டமுடியுமா என்று கேட்டார். அந்தக் காலத்து வண்டியில் வெளிக்கண்ணாடியே கிடையாது. முடியும் என்றேன்.

"பெருசா இருக்கணும். பொடிசா வேணாம். அம்மன் வாசல் முழுசாத் தெரியணும்."

அதுதான் லாரிக் கண்ணாடி. பட்டறையில் உடைத்துப்போட்ட லாரியிலிருந்து எடுத்து, காரின் முன்பக்கத்தில் டிரைவர் பக்கமாக இரும்புப் பட்டை வைத்து மாட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு, காடிக்குக் கண்ணாடியா இல்லை கண்ணாடிக்குக் காடியா என்று கேட்டார். புதுக் கேபிளும் போட்டேன். பிறகு கோயில் முன்னால் மணலில் காரைத் திருப்பி நிறுத்தி, டீச்சர் உள்ளே உட்கார, நான் வெளியே நின்று கண்ணாடியைச் சரிசெய்தேன். பிள்ளை மேற்பார்வை. டீச்சர், சிக்கிட் லாகி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மன் வாசல் அதில் முழுசாக வந்து நின்றதும் போதும் என்றார். நான் திருகாணியை இறுக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமாக எதையும் இறுக்கியதில்லை.

கார் போயிற்று. கம்பி அறுந்துபோகவில்லை. மூவார்க்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். இருமல் சத்தம் சாலையில் தினமும் போகும், வரும், பட்டறைக்குள் திரும்பாது. நல்ல மெக்கானிக்கின் வேலை என்பது வாடிக்கையாளரை இழப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஒரே ஒருமுறை வந்தது. அன்று பிள்ளையும் கூட வந்திருந்தார், முகத்தில் குற்றப்பத்திரிகை. தினமும் மைல் எண் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறதாம். மகள் எங்கே சுற்றுகிறாள் என்று ஒரு வாரமாக விசாரணை. டீச்சர் என்னைப் பார்த்து, நீயே சொல்லு என்பதுபோல நின்றார். நான் விளக்கினேன். முன்பு கார் சந்துக்குள் வரும்போது ஏறிய எண், போகும்போது பின்னால் உருண்டு இறங்கிவிடும். இப்போது போகும்போதும் ஏறுகிறது. கூடுதல் என்பது சந்தின் நீளம்தான், போக ஒன்று, வர ஒன்று.

பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இத்தன வருஷமா எங்க சந்து கணக்குலயே இல்லையா?"

இல்லை என்றேன்.

"நல்லதுதான்" என்றார். "வாசல் வரைக்கும் வந்துட்டுப் போறதுக்கு யாரு கணக்கு வைக்கிறது." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. நான் அதை முதல்தடவையாகப் பார்த்தேன், கடைசித் தடவையும் அதுதான்.

அவர் ஏறி உட்கார்ந்தார். டீச்சர், தெரிமா காசி, தம்பி என்று நன்றி சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார். நான் வாசலில் நின்றேன். கார் சாலையில் இறங்கித் திரும்பி, நேராகப் போக ஆரம்பித்தது. யானைக் காது வெயிலில் ஒருமுறை மின்னியது, பிறகு தெளிந்தது. அதற்குள்ளே சின்னதாக இரண்டு கண்கள் தெரிந்தன. கார் சிறுத்துக்கொண்டே போயிற்று, கண்கள் அதே இடத்தில் இருந்தன. பின்னால் லாரி ஏதும் வரவில்லை, நான் திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். கண்ணாடியின் குணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே. திருப்பம் வரைக்கும் பார்த்தோம். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருஷம் கொடுக்கப்பட்டது, போதவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. வேகக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. டீச்சர் மேற்படிப்புக்கு கோலாலம்பூர் போனார் என்று கேள்விப்பட்டேன், பிறகு வடக்கே எங்கோ வேலை என்றார்கள். பிள்ளை காலமானார். வீடு பூட்டிக் கிடந்தது, காரை ஓலைக் கொட்டகையில் வைத்து மூடியிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், குறை ஒன்றும் இல்லை. என் மனைவிக்கு இந்தக் கதை தெரியும், கண்ணாடிப் பகுதியைத் தவிர. அவர் இதைப் படிக்கமாட்டார். நான் எழுதுவது எதையும் அவர் படிப்பதில்லை, அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். நீளத்தை நான் சொல்லவேண்டியதில்லை, பழைய உறையை வைத்தே அளந்துகொள்ளலாம். ஆனால் அறுந்த கம்பியைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் கொண்டுபோய் நுனியைப் பாருங்கள். நுனி வெட்டிய மாதிரி இருந்தால், அது வயதுதான். அவ்வளவு காலம் ஓடியதே பெரிது. வழக்கப்படி மாற்றிவிட்டு அனுப்புங்கள், எனக்குச் சொல்லவேண்டாம்.

இழைகள் பிரிந்து முறுக்கு அவிழ்ந்திருந்தால், யாரோ அந்தச் சந்தில் காரைப் பின்னால் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கண்ணாடி இருந்தும், கட்டளையிட அப்பா இல்லாதபோதும், வீடு கடைசி வரைக்கும் தெரியவேண்டும் என்பதற்காக.

அப்படியானால் கேபிளை வெட்டாதீர்கள். ஆள் அனுப்புங்கள். முதுகுவலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நானே வந்து மாட்டுகிறேன்.

கண்ணாடியை எப்படியானாலும் கழற்றவேண்டாம். உங்களால் முடியாது. அந்தத் திருகாணியை இறுக்கியவன் நான்.